சாவி திருப்பாத ஒன்பது நாட்கள்

டீச்சர், போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் பேராதனைக்குப் போனேன். பல் கிளினிக்கின் நீண்ட விறாந்தையில் கால் வைத்ததும் அளவெடுக்கிற பசையின் வாசனை மூக்கில் ஏறியது. மலிவான ஸ்ட்ரோபெரி ஐஸ்கிரீமில் சுண்ணாம்பைக் கலந்தது போன்ற அதே வாசனை. உள்ளே யாரோ ஒரு குழந்தை ஓங்கரித்துக்கொண்டிருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் என் மகள் தாரணி அந்தப் பசையோடு வாந்தியெடுத்தபோது, பக்கத்தில் நின்ற நீங்கள் அதைச் சேலையில் ஏந்திக்கொண்டு, "பரவாயில்ல, இது பழைய சேலதான்" என்றீர்கள். அது பழைய சேலை இல்லை. நத்தார்ப் பண்டிகைக்கு, கிறிஸ்மஸுக்கு எடுத்தது. அதற்காகக் கண்டி டவுனில் கடை கடையாக உங்களோடு கால் கடுக்க ஏறி இறங்கியவள் நான்.

கட்டுகஸ்தோட்டையில் நம் பாடசாலையில் பதினொரு வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். நீங்கள் கணக்கு, நான் தமிழ். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் கடைசிவரை நீங்கள் எனக்கு டீச்சர், நான் உங்களுக்கு டீச்சர். நீங்கள் டவுனில் பிறந்து வளர்ந்து, மாதா கோயிலுக்குப் பக்கத்தில் அண்ணன் குடும்பத்தோடு இருந்தவர். சிங்களம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான் நாவலப்பிட்டித் தோட்டத்துப் பிள்ளை. என் வீட்டுக்காரருக்கு அங்கே தேயிலை ஃபெக்டரி ஒஃபிசில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் விடியப் போய்விடுவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் தாரணியும்தான்.

உங்களைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். கேட்காமலே புத்தி சொல்வீர்கள். என்னிடம் வாங்கிய சிவப்புப் பேனா ஒன்றாவது திரும்பி வந்ததில்லை. அடுத்தவர் பிள்ளையின் தலையில் பேன் இருந்தால் அதை ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் முன்னால் போட்டு உடைப்பீர்கள்.

தாரணி நாலாம் வகுப்பில் இருந்த வருடம், நுவரெலியாவுக்குச் சுற்றுலா போய்த் திரும்பும்போது பஸ்ஸில் என் மடியில் வாயைத் திறந்தபடி தூங்கினாள். குறட்டை வேறு. முன் சீட்டிலிருந்து திரும்பி நீங்கள் நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு, பிள்ளை வாயால் மூச்சு விடுகிறாள், மேல்தாடை ஒடுங்கியிருக்கிறது, ஒரு பக்கம் மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய்க் கடிக்கின்றன, இப்போதே காட்டுங்கள் என்றீர்கள். பால்பல் எல்லாம் விழுந்து முளைக்கட்டும் என்றேன். எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள். நீங்கள் விடவில்லை. அதுவரைக்கும் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்று மறுபடியும் மறுபடியும் சொன்னீர்கள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. சொந்தமாக ஒரு பிள்ளையை வளர்த்திருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் முன்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரும்வரை உங்கள் கொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் இடைவேளையில், எல்லோரும் சாப்பிட்டு எழும்பிப் போன பிறகு, நீங்கள் இன்னும் இடியப்பத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தீர்கள். எப்போதும் நீங்கள்தான் கடைசி. அதை வைத்து நாங்கள் எத்தனை கேலி பேசியிருப்போம். அன்றைக்கு நீங்கள் தலை நிமிராமலே சொன்னீர்கள்.

"எனக்கு ஒரு பக்கத்தாலதான் மெல்ல ஏலும், டீச்சர். ஒம்போது வயசுல ஸ்கூலுக்குப் பல்லு பாக்க வந்த மிஸ் சொன்னாங்க. எல்லாப் பல்லும் முளைக்கட்டும்னு அப்பா விட்டுட்டாரு. முளைச்சு முடியிற நேரம் எலும்பு இறுகிப் போச்சு. அதுக்குப் பொறகு காட்டினா, தாடைய வெட்டி ஒபரேஷன் செய்யணும்னாங்க. பயந்து ஓடி வந்துட்டேன்."

பிள்ளைகள் உங்களுக்கு வைத்திருந்த பட்டப் பெயரையும் நீங்களே சொன்னீர்கள். கோணவாய் டீச்சர். உங்களுக்குத் தெரியாது என்றுதான் நாங்கள் அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நீங்கள் சிரிக்கும்போது ஏன் எப்போதும் கை வாய்க்குப் போகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், எப்போது போகலாம் என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த வாரமே போனோம். நீங்கள் லீவு போட்டுக்கொண்டு வந்தீர்கள். இளம் லேடி டொக்டர். தாரணியின் வாயைப் பார்த்துவிட்டு, தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டிப் பிடித்து, பிறகு மெதுவாக விலக்கிக் காட்டினார். அவர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னீர்கள். மேல் அண்ணம் இரண்டு பாதி. நடுவில் ஒரு மூட்டு. சின்ன வயதில் அது இன்னும் இறுகியிருக்காது. கடைவாய்ப் பற்களில் ஒரு கருவியை ஒட்டி, அதன் நடுவில் இருக்கும் திருகை நாளுக்கு ஒரு தடவை திருப்பினால், இரண்டு பாதியும் விலகி, நடுவில் புது எலும்பு வளரும். தாடை அகலும். வருகிற பல்லுக்கு இடம் கிடைக்கும். மூக்கையும் தொண்டையையும் இன்னொரு டொக்டரிடம் காட்டச் சொன்னார். எழுத்துகளின் பிறப்பைப் படிப்பிக்கும்போது அண்ணம் அண்ணம் என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அது இரண்டு பாதி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கே பசையில் அளவெடுத்து, சில மாதம் கழித்துக் கருவியை ஒட்டினார்கள். அதற்கு டொக்டர் ஒரு நீளமான இங்கிலிஷ் பெயர் சொன்னார். எங்கள் வீட்டில் அது "ஸ்குரூ" ஆகிவிட்டது. கூடவே ஒரு சின்னக் கம்பிச் சாவி. விழுங்கிவிடாமல் இருக்க அதில் நூல் கட்டியிருந்தது. முன்னால் தெரியும் துளையில் அதைக் குத்தி, தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். அடுத்த துளை தெரிந்தால் அன்றைய திருப்பு முடிந்தது. ஒரு அட்டையும் தந்தார்கள். திருப்பிய ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெட்டியில் சரி போட வேண்டும். இரண்டு வாரத்தில் அட்டையோடு வரச் சொன்னார்கள்.

முதல் மூன்று நாளும் ஒழுங்காகத்தான் செய்தேன். மூக்குத் தண்டு விண் விண்ணென்று இழுக்கிறது என்று அவள் அழுதாள். எச்சில் வழிந்தது. பேச்சு குழறியது. நாலாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இன்னைக்கு வேணாம். நாளைக்கு ரெண்டு தடவ திருப்புங்க" என்றாள். ஒரே நாளில் இரண்டு தடவை திருப்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, அட்டையை எடுத்து அன்றைய பெட்டியில் ஒரு சரியும் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று கேட்டால், கை பழகிப்போயிருந்தது டீச்சர். உங்களுக்குத் தெரியாததா. வெள்ளிக்கிழமை பின்னேரம் உட்கார்ந்து முழு வாரத்துக்கும் பாடக் குறிப்பு எழுதி முடிக்கிறவர்கள் நாங்கள். மழைக்குப் பாடசாலையை நேரத்தோடு விட்ட நாளுக்கும், "மாணவர் ஆர்வத்துடன் பங்குபற்றினர்" என்று எழுதியிருப்போம். அதிபரும் புரட்டிப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். எழுதியிருந்தால் நடந்த மாதிரிதான். அந்தப் பழக்கம் என் பிள்ளையின் வாய்வரை வந்துவிட்டது. பதினான்கு நாளில் ஐந்து நாள்தான் நான் சாவியைத் தொட்டேன். பதினான்கு பெட்டியிலும் அழகான சரிகள் இருந்தன. ஸ்டாஃப் ரூமில் நீங்கள் கேட்கும்போதெல்லாம், நடக்குது டீச்சர் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அட்டையோடு போனபோதும் நீங்கள் வந்தீர்கள். டொக்டர் அட்டையைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், ஒரு சின்ன அளவுகோலை வைத்து அளந்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். இத்தனை நாளில் முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி வந்திருக்க வேண்டும், ஒன்றையும் காணோம். ஒவ்வொரு நாளும் திருப்பினீர்களா என்று எனக்கு விளங்குமாறு மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். கதிரையில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த தாரணியின் கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின.

திருகு தானாகவே பின்னுக்குச் சுழல்கிறது போல என்று டொக்டர் முடிவு செய்தார். அப்படியென்றால் இதைக் கழற்றி, மறுபடி அளவெடுத்து, புதிதாக ஒன்று செய்ய வேண்டும். அது வரும்வரை மாதக் கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். நர்ஸ் கிண்ணத்தில் அந்தப் பசையைக் குழைக்கத் தொடங்கினார். அதைக் கண்டதும் தாரணியின் கால் இரண்டும் உதறத் தொடங்கின. நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அந்த அறையில் இன்னும் நாலைந்து தாய்மார் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி என் வகுப்புப் பிள்ளையின் அம்மா. பொய்க் கணக்கு எழுதிய டீச்சர் என்று பெயர் வாங்க எனக்கு மனம் வரவில்லை. என் பிள்ளை காலை உதறிக்கொண்டிருக்க, நான் என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன்.

நீங்கள்தான் முன்னால் வந்தீர்கள். பாடசாலை விட்ட பிறகு பிள்ளை என்னிடம்தான் இருப்பாள், சாவியும் என்னிடம்தான், பல நாள் மறந்துபோனேன், அட்டையில் சரி போட்டதும் நான்தான் என்று நல்ல சிங்களத்தில் தெளிவாகச் சொன்னீர்கள். டொக்டர் உங்களை வாங்கு வாங்கென்று வாங்கினார். நீங்கள் ஒரு ஆசிரியையா என்றுகூடக் கேட்டார். எனக்கு அவ்வளவும் விளங்கியது. நீங்கள் தலையைக் குனிந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். நர்ஸ் பசைக் கிண்ணத்தைத் தூர வைத்தார். எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான் டீச்சர். வெட்கம் பிறகுதான் வந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தீர்கள். தாரணி ஜன்னலோரம் இருந்தாள். என்னத்துக்கு அப்படிச் சொன்னீர்கள், யார் உங்களைக் கேட்டார்கள் என்று நான்தான் சீறினேன். உதவி செய்தவர் மேலேயே பாய்கிற குணம் எனக்கு.

"நான் டொக்டருக்குத்தான் பொய் சொன்னேன்" என்றீர்கள். "நீங்க இவளுக்கு முன்னால சொன்னீங்க. அத என்னால சரி செய்ய ஏலாது."

அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்தீர்கள். என்னிடம் பேசாமல் தாரணியிடம் போய், எந்த நேரம் திருப்பலாம் என்று நீயே சொல் என்றீர்கள். அவள் யோசித்து, தேத்தண்ணி குடித்த பிறகு என்றாள். அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்தீர்கள். திருப்பினால் மட்டும் சரி போடு, திருப்பாவிட்டால் பெட்டியைச் சும்மா விடு, யார் சொன்னாலும் போடாதே என்றீர்கள். அந்த யார் நான்தான். சாவியை நீங்களே திருப்பிவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஒங்க கையாலதான் செய்யணும். நான் தலைய பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டீர்கள்.

பிறகு ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டதும் என்னோடு வந்தீர்கள். தாரணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் காதில் பதின்மூன்றாம் வாய்பாட்டைப் பிழை பிழையாகச் சொல்வீர்கள். வாயில் சாவி இருக்கும்போது அவளால் திருத்த முடியாது. அந்த அவதியில் வலியை மறந்து கையை ஆட்டுவாள். சாவியை எடுத்த மறுகணம், ஐந்து பதின்மூன்று அறுபத்தைந்து, ஐம்பத்தைந்து இல்லை என்று உங்களோடு சண்டைக்கு வருவாள். பிறகு எழும்பிப் போய்த் தன் கையால் சரி போடுவாள். நாலைந்து நாளில் எனக்கும் துளை சட்டென்று பிடிபட்டது. இரண்டாம் வாரத்தில் முன்பற்கள் இரண்டும் விலகி நடுவில் ஒரு சந்து விழுந்தது. சனிக்கிழமை வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, இருந்த பல்லையும் கெடுத்துவிட்டார்களே என்று தலையில் கை வைத்தார். தாரணி அந்தச் சந்தால் விசில் அடித்துக் காட்டினாள். நாளாக ஆகப் பற்கள் தானாகவே நெருங்கிச் சேர்ந்துவிட்டன.

எலும்பு இறுகட்டும் என்று ஆறு மாதம் போல ஸ்குரூவை அப்படியே விட்டுவைத்தார்கள். கழற்றிய அன்று டொக்டர் உங்களைப் பார்த்து, பரவாயில்லை, இப்போது மறதி குறைந்துவிட்டது என்று சிரித்தார். ஆமாம் என்று நீங்களும் சிரித்தீர்கள். நான் பக்கத்தில் நின்றேன். இரண்டாம் தடவையும் சும்மா நின்றேன். அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அதற்கடுத்ததிலும் நினைத்தேன்.

தாரணி வாயை மூடித் தூங்கத் தொடங்கியபோது, அதை முதலில் உங்களிடம்தான் சொன்னேன். உங்கள் முகத்தில் அன்றைக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன். உங்களை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். உங்களுக்கும் இனி ஒபரேஷன் செய்யலாமே என்று கேட்டேன். இந்த வயதில் யார் பார்க்க என்று பேச்சை மாற்றிவிட்டீர்கள்.

போன வருடம் சளிக் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டீர்கள். மூன்றாம் நாள் காலையில் அதிபர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, நீங்கள் இல்லை என்றார். அனுதாபக் கூட்டத்தில் பேசத் தமிழ் டீச்சரைத்தான் கூப்பிடுவார்கள். நன்றாகப் பேசினேன். கடமை தவறாதவர், நேரம் தவறாதவர் என்று நல்ல தமிழில் அடுக்கினேன். பிள்ளைகள் அழுதார்கள். சொல்ல வேண்டியதை மட்டும் அங்கேயும் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அதே டொக்டர்தான் இருந்தார். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். தாரணிக்குப் பதினைந்து வயது. மேல்வரிசைப் பற்களுக்கு இனிக் கம்பி போட வேண்டும். வாயைப் பார்த்து, தாடை நன்றாக வந்திருக்கிறது, நல்ல நேரத்தில் செய்தோம் என்று சந்தோஷப்பட்டார். பிறகு என்னைப் பார்த்து, எங்கே அந்த மறதிக்கார டீச்சர், இன்னும் மறந்துகொண்டுதான் இருக்கிறாரா என்று சிரித்தபடி கேட்டார்.

பதின்மூன்றாம் வாய்பாட்டை ஒரு வகுப்பே மறக்காதபடி சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த அறையில் இருந்த பெயர் அதுதான். தாரணி வாயைத் திறந்தபடி படுத்திருந்தாள். அவள் கண்கள் மட்டும் என் பக்கம் திரும்பின.

என் ஓட்டைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் போன வருடம் இறந்துவிட்டார். அவர் ஒன்றையும் மறக்கவில்லை. சாவியைத் திருப்பாமல் விட்டது நான். அட்டையில் பொய்யாகப் போட்டதும் நான். அவர் எனக்காகத் திட்டு வாங்கினார். டொக்டர் கையிலிருந்த, வாய் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வருத்தம் என்றார். அது பழைய கதை, பிள்ளைக்கு எல்லாம் சரியாக வந்துவிட்டதே என்றார். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள். ஆறு வருடம் நான் பயந்துகொண்டிருந்த விஷயம் அவ்வளவு நேரத்தில் முடிந்துவிட்டது.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் நின்றோம். தாரணி என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நீங்க எப்ப சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு கிளினிக்குலயும் பாத்துக்கிட்டே இருந்தேன்மா" என்றாள்.

அப்படியென்றால் நீயே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"ஸ்குரூவ கழட்டின அன்னைக்கு நான் சொல்லத்தான் போனேன். டீச்சர்தான் கையப் பிடிச்சு நிப்பாட்டினாங்க. அம்மாவே சொல்லுவாங்க, அவங்களுக்குக் கொஞ்சம் டைம் எடுக்கும், நீ பாத்துக்கிட்டு இருன்னாங்க."

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். என் மேல் எனக்கே இல்லாத நம்பிக்கையை நீங்கள் என் பிள்ளையிடம் கொடுத்துவைத்திருக்கிறீர்கள். அவள் அதை இத்தனை வருடமும் பத்திரமாக வைத்திருந்து என்னிடம் தந்திருக்கிறாள். இனி அதை நான் வைத்திருப்பேன். நேரம் எடுத்துவிட்டது, டீச்சர். உங்கள் காதில் விழும்படி சொல்ல முடியாத அளவுக்கு நேரம் எடுத்துவிட்டது.